பெயர் வாசிக்கும் ஞாயிறு

ஸபோரிஜியா
1963 நவம்பர் 17

உல்யா,

நீ ரயில் ஏறி ஒரு வாரம் ஆகிறது. போய்ச் சேர்ந்த தந்தி கிடைத்தது. அப்பாவுக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன என்று போட்டிருந்தாய். பேச்சு வருகிறதா இல்லையா என்று அதில் இல்லை. விவரமாகக் கடிதம் போடு.

அறை பெரிதாகிவிட்டது. கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே நாம் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டுதான் நடப்போம். இப்போது இடிக்க ஆளில்லை, ஆனாலும் நான் ஒருக்களித்தே நடக்கிறேன். சூப் வைத்தால் மூன்று நாளைக்கு வருகிறது. இரண்டு பேருக்கு அளந்துதான் எனக்குத் தெரியும்.

ஒரு செய்தி இருக்கிறது. நாம் செய்யும் காரைத் தொழிற்சாலை ஆட்களுக்கும் ஒதுக்கப்போகிறார்கள். எங்கள் பிரிவுக்கு வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ வரும். போட்டி எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார். அதனால் ஆட்கள் தாங்களே ஒரு வரிசை வைத்துக்கொண்டோம். ஞாயிறு காலை தொழிற்சாலை கிளப்புக்குப் பின்னால் எங்கள் பிரிவு ஓஸ்தாப் நின்று பெயர் வாசிப்பான். இருக்கிறவன் 'இருக்கேன்' என்று சொல்ல வேண்டும். ஒரு ஞாயிறு வராவிட்டால் பெயருக்குக் கீழே கோடு. இரண்டாவது ஞாயிறும் வராவிட்டால் வரிசையின் வாலுக்குப் போக வேண்டியதுதான். வேலையை விட்டுப் போனால் பெயரே கிடையாது. நானும் பெயர் கொடுத்துவிட்டேன்.

கார் வருவதற்கு முன் இதே தொழிற்சாலையில் அறுவடை இயந்திரம் செய்த காலத்துக் கிழவர்கள் எங்களைக் கேலி செய்கிறார்கள். "அப்ப நாங்க செஞ்சது ஊருக்கே சோறு போட்டுச்சு. இப்ப நீங்க செய்யறது நாலு பேரு முட்டியை இடிச்சுக்கிட்டு உக்காரத்தான் ஆகும்" என்கிறார்கள். சொல்லட்டும். சாதாரண மனிதன் வாங்கக்கூடிய கார் இந்த நாட்டிலேயே இது ஒன்றுதான்.

பெயர் கொடுக்கும்போது உன் அப்பா நினைவுதான் வந்தது, பொய் சொல்வானேன். நம் கல்யாணத்துக்கு ஸ்டேஷனிலிருந்து பனியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தேன். பூட்ஸுக்குள் தண்ணீர். இருபது வருஷம் ரயில் இன்ஜின் ஓட்டிய மனிதர் மேஜைத் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு, "மாப்பிள்ளை காரு செய்யறவராம். வந்தது மட்டும் கால்நடையா" என்றார். மேஜை முழுக்கச் சிரித்தது. நீயும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். அந்தப் படியை இனி காரில் வந்துதான் ஏறுவேன் என்று அன்றைக்கே எனக்குள் சொல்லிக்கொண்டேன். இப்போதுதான் உன்னிடம் சொல்கிறேன்.

ஒரு குளிர்காலம்தானே. வசந்தத்தில் வந்துவிடுவாய்.

நஸார்

*

ஹரோவ்ஸ்க்
1963 டிசம்பர் 8

நஸார்,

நான் வாயைப் பொத்தியது சிரிப்புக்காக இல்லை. பல்லில் மீன் முள் சிக்கியிருந்தது. நம்பினால் நம்பு.

அப்பாவுக்கு மூன்று வார்த்தைதான் மிச்சம். 'சரி', 'போ', 'ரயில்'. இந்த மூன்றை வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் குடும்பம் நடத்துகிறார். கஞ்சி பிடிக்காவிட்டால் 'போ'. குளிப்பாட்டி முடித்தால் 'சரி'. வெளியே விசில் கேட்டால் 'ரயில்'. செத்துப்போன அம்மாவின் படத்தைக் காட்டினேன், யாரோ என்பது போலப் பார்த்தார். நீ பயப்படும் மனிதர் இந்த வீட்டில் இல்லை. உன் பூட்ஸும் அதற்குள்ளிருந்த தண்ணீரும் இந்த உலகத்தில் இப்போது உன் ஒருவன் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கின்றன.

ஸ்டேஷனில் டிக்கெட் கவுண்டரில் வேலை கிடைத்திருக்கிறது. அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் பேசி வாங்கித் தந்தார்கள். நம் தொழிற்சாலையில் கார் சீட்டுக்கு உறை தைத்த விரல் இப்போது டிக்கெட்டில் தேதி குத்துகிறது. நான் கவுண்டரில் இருக்கும்போது எதிர்வீட்டு புரோகோர் வந்து அப்பாவைப் பார்த்துக்கொள்வார். விறகும் பிளந்து போடுவார். மனைவி இல்லாதவர், பேச்சும் இல்லாதவர். இருவரும் ஒருவருக்கொருவர் நல்ல துணை.

புத்தாண்டுக்கு வா. அறையில் ஒருக்களித்து நடப்பதை இங்கே வந்து நட. வீடு பெரிது, மாலை நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. கிழவர் தூங்கிய பிறகு எனக்குப் பேச ஆளில்லை. எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும், வேறு எதுவும் இல்லை.

உல்யானா

*

ஸபோரிஜியா
1964 பிப்ரவரி 2

உல்யா,

புத்தாண்டுக்கு வரமுடியவில்லை. விடுமுறைக்கு நடுவில் ஞாயிறு வந்துவிட்டது. அடுத்த ஞாயிறும் போயிருந்தால் என் பெயர் வாலுக்குப் போயிருக்கும். கோபப்படாதே. மாஸ்கோ போகும் கண்டக்டர் அம்மாளிடம் சூரியகாந்தி எண்ணெயும் உலர்ந்த ஆப்ரிகாட் பழமும் கொடுத்தனுப்பினேன். வந்து சேர்ந்ததா?

புத்தாண்டு ராத்திரி ஓஸ்தாப் வீட்டில் கூப்பிட்டார்கள். போனேன். அவன் மனைவி உன்னைப் பற்றிக் கேட்டாள். வசந்தத்தில் வந்துவிடுவாள் என்று சொன்னேன். சொல்லிவிட்டு எனக்கே நம்பிக்கை வரவில்லை, அதனால் சீக்கிரம் கிளம்பிவிட்டேன்.

அந்த புரோகோருக்கு என்ன வயது?

நஸார்

*

ஹரோவ்ஸ்க்
1965 ஆகஸ்ட் 22

நஸார்,

மாஸ்கோவிலிருந்து திரும்பி வந்து நாலு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

நீ உன் பக்கத்திலிருந்து, நான் என் பக்கத்திலிருந்து, நடுவில் ஒரு பகல். ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து அவித்த முட்டை தின்றோம். நீ உப்பு மறந்துவிட்டாய், நான் கொண்டுவந்திருந்தேன். உன் முடி நெற்றியில் குறைந்திருக்கிறது. தொட்டுப் பார்க்க வேண்டும் போலிருந்தது. நீயோ வரிசையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாய். யார் செத்தான், யார் வேலையை விட்டான், யாருக்குக் கோடு விழுந்தது. மதியத்துக்கு மேல் எனக்கும் அந்தப் பெயர்களெல்லாம் மனப்பாடமாகிவிட்டன. என் பெயர் மட்டும் அதில் வரவில்லை.

புரோகோருக்கு ஐம்பத்தெட்டு வயது. இடது காது கேட்காது. போதுமா?

இப்போது நான் சொல்வதைக் கேள். டிக்கெட் விற்பது என் வேலை, அதனால் என்னை ஏமாற்ற முடியாது. ஞாயிறு காலை 'இருக்கேன்' என்று சொல்லிவிட்டு நீ ரயில் ஏறினால் செவ்வாய்க்கிழமை இங்கே இறங்கலாம். இரண்டு முழு நாள் இங்கே இருந்துவிட்டுப் புறப்பட்டாலும் அடுத்த ஞாயிறு பெயர் வாசிக்கும் முன்னால் ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம். மாஸ்கோ வரை வந்தவனுக்கு அதற்கு மேல் ஒரு ராத்திரிப் பயணம்தான். விடுமுறையும் உனக்குப் பாக்கி இருக்கிறது. ஆகவே வரிசை உன்னைத் தடுக்கவில்லை. வேறு எதுவோ தடுக்கிறது. அது என்னவென்று எனக்குத் தெரியும், ஆனால் உன் வாயால் கேட்க வேண்டும்.

அப்பா இப்போது ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறார். உன் கடிதங்களை நான் அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவேன். 'கார்' என்ற சொல்லைப் புதிதாகக் கற்றுக்கொண்டிருக்கிறார். ஆக நாலு வார்த்தை.

உல்யானா

*

ஸபோரிஜியா
1967 மார்ச் 12

உல்யா,

நீ கேட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. நடுவில் எழுதிய கடிதங்களில் வானிலை எழுதினேன், எண்ணெய் அனுப்பியதை எழுதினேன், இதை மட்டும் எழுதவில்லை. இன்று எழுதுகிறேன்.

வெறுங்காலோடு... இல்லை, வெறுங்கையோடு... எப்படிச் சொன்னாலும் சரியாக வரவில்லை. அந்த வீட்டுக்கு நடந்து வர என்னால் முடியாது. அவ்வளவுதான். அவருக்கு ஞாபகம் இல்லை என்கிறாய். எனக்கு இருக்கிறதே.

இப்போது எங்கள் லைனில் கையால் ஓட்டும் வண்டிகள் போகின்றன. சண்டையில் கால் போனவர்களுக்காக. மிதிகட்டை கிடையாது, எல்லாம் நெம்புகோல்தான். போன மாதம் ஒருவர் தன் வண்டியை வாங்கிப் போக நேரிலேயே வந்துவிட்டார். இரண்டு காலும் இல்லை. சக்கரப் பலகையில் தரையோடு தரையாகத் தள்ளிக்கொண்டு வந்தார். நாங்கள் இரண்டு பேர் தூக்கி உட்கார வைத்தோம். நெம்புகோலை இழுத்து முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கண்ணாடியை இறக்கி, "என்னப்பா, எல்லாரும் என் உசரத்துக்கு வந்துட்டீங்க" என்றார். நான் கருவி எடுக்கப் போவது போல உள்ளே போய் அழுதுவிட்டு வந்தேன். அதை நீ புரிந்துகொள்வாயா? எனக்குக் கால் இருக்கிறது. ஆனாலும் உன் அப்பா மேஜையில் நான் அந்தப் பலகை உயரத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

கூனல் முதுகு போல இருக்குமே அந்தப் பழைய வண்டி, அதைச் செய்வதைக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். புது வண்டி நீளம், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு காது வைத்திருக்கிறது, பின்னால் இருக்கும் எஞ்சினுக்குக் காற்றுப் போக. சனங்கள் அதற்குள் கேலி கட்டிவிட்டார்கள். டிராமில் ஒருவன் சொல்கிறான்: "எஞ்சின் ஏன் பின்னாடி இருக்கு தெரியுமா? ஓட்டறவன் அதைப் பாத்தா அழுதுடுவான்னுதான்." நானும் சிரித்தேன். அறைக்கு வந்து கதவைச் சாத்திய பிறகு, எதற்குச் சிரித்தேன் என்று வெட்கமாகிவிட்டது.

எனக்கு முன்னால் இன்னும் ஒரு டிராம் பெட்டி கொள்ளும் அளவுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். குறைந்துகொண்டுதான் வருகிறது. பொறுத்துக்கொள், உல்யா. உன்னைக் காரில் கூட்டி வருவேன். அப்பாவையும் ஒரு சுற்று கூட்டிப் போவேன்.

நஸார்

*

ஹரோவ்ஸ்க்
1968 மார்ச் 5

நஸார்,

தந்தி கிடைத்திருக்கும். அப்பா நேற்று விடிகாலை போய்விட்டார். தூக்கத்தில். சனிக்கிழமை வரை வைத்திருக்கிறோம், குளிர் இருப்பதால் முடிகிறது. உடனே ரயில் ஏறினால் வந்துவிடலாம். இந்தக் கடிதம் உனக்குப் பிந்தித்தான் வரும், தெரியும். ஆனாலும் யாருக்காவது எழுத வேண்டும் போலிருந்தது.

வா.

உல்யா

*

ஸபோரிஜியா
1968 மார்ச் 10

என் உல்யா,

தந்தி வந்த அன்று நான் பெட்டியை எடுத்துக் கட்டில் மேல் வைத்தேன். சட்டை மடித்தேன். ஓஸ்தாபிடம் போய்க் கேட்டேன். போன ஞாயிறு எனக்குக் காய்ச்சல், ஒரு கோடு ஏற்கெனவே விழுந்திருந்தது. "துக்கத்துக்குப் போறவனுக்கு விலக்கு கொடுன்னு கேக்கிற. போன வருஷம் மிகோலாவுக்கு அம்மா செத்தப்ப கொடுத்தமா? நீதானே கூடாதுன்னு கத்தினே" என்றான். உண்மை. நான்தான் கத்தினேன்.

எனக்கு முன்னால் இப்போது ஒரு மேஜைக்கு உட்காரும் அளவு ஆட்கள்தான். நாலு வருடத்துக்கு மேல், உல்யா. அடக்கத்துக்கு வந்து திரும்பினால் முதலிலிருந்து. உன் அப்பா என்னை எதற்காகப் பரிகசித்தாரோ அதை அடையாமலே அவரைப் புதைக்க வந்து நிற்பதா? யோசித்துக்கொண்டே பெட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ரயில் நேரம் போய்விட்டது.

இன்று காலை 'இருக்கேன்' என்று சொன்னேன். ஓஸ்தாப் இரண்டாம் தடவை வாசித்த பிறகுதான் சொன்னேன்.

இனி உன்னை அங்கே பிடித்து வைக்க எதுவும் இல்லை. வீட்டைப் பூட்டிவிட்டு வந்துவிடு. உன் பழைய பிரிவில் ஆள் எடுக்கிறார்கள். அறை அப்படியே இருக்கிறது.

நஸார்

*

ஹரோவ்ஸ்க்
1968 ஏப்ரல் 15

மதிப்பிற்குரிய நஸார் தெமீதொவிச் அவர்களுக்கு,

அப்பாவின் நாற்பதாம் நாள் நேற்று முன்தினம் முடிந்தது. அதுவரை காத்திருந்துவிட்டு எழுதுகிறேன்.

தரை உறைந்து கிடந்தது. கடப்பாரை இறங்கவில்லை. புரோகோரும் ரயில்வே ஆட்கள் மூவரும் மயானத்தில் விறகு அடுக்கி ஒரு பகல் முழுக்க எரித்து மண்ணை இளக்கிக் குழி வெட்டினார்கள். பெட்டியைத் தூக்குகையில் மருமகன் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டார்களே என்றுதான் எனக்கு அழுகை வந்தது. அடக்கத்துக்குப் பிறகு சாப்பாட்டு மேஜையில் உங்களுக்கு ஒரு தட்டு வைத்தேன். பிறகு நானே எடுத்துவிட்டேன்.

என்னைப் பிடித்து வைக்க இங்கே எதுவும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். ஐந்து குளிர்காலம் இருக்கிறது. கிழவரைத் திருப்பிப் படுக்க வைத்து முதுகு பிடித்துக்கொண்டது இருக்கிறது. கவுண்டர் இருக்கிறது. வரும் ஒவ்வொரு ரயிலையும் எட்டிப் பார்த்த பழக்கம் இருக்கிறது. அதையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு, உங்கள் பூட்டிய அறைக்கு நானே வந்து கதவைத் தட்ட மாட்டேன்.

நான் உங்களிடம் காரைக் கேட்டதே இல்லை. ஒரு தடவை கேட்டிருந்தால் எங்கே என்று காட்டுங்கள், கடிதங்கள் உங்களிடம்தான் இருக்கின்றன. நான் வேண்டுமென்றால் நீங்கள் இங்கே வந்து, வாசலில் நின்று, என்னைக் கேட்க வேண்டும். வந்து கேட்டால் வருவேனா மாட்டேனா என்று இப்போது சொல்ல முடியாது. வராவிட்டால் எல்லாம் முடிந்தது என்று மட்டும் சொல்ல முடியும்.

உல்யானா எர்மோலாயெவ்னா

*

ஸபோரிஜியா
1968 அக்டோபர் 20

உல்யா,

இது நான் போடும் ஐந்தாவது கடிதம். பதில் இல்லை. கவுண்டரில் இருக்கிறாய் என்று மட்டும் அந்தக் கண்டக்டர் அம்மாள் விசாரித்துச் சொன்னாள். நன்றாக இருக்கிறாயா என்று கேட்டேன். "டிக்கெட் கொடுக்கறாங்க. எனக்கு வேறென்ன தெரியும்" என்றாள்.

என்னை 'நீங்கள்' என்று எழுதிய கடிதத்தை மேஜை இழுப்பறையில் குப்புற வைத்திருக்கிறேன்.

நஸார்

*

ஸபோரிஜியா
1969 ஜனவரி 1

உல்யா,

புத்தாண்டு வாழ்த்து. இந்தத் தடவை ஓஸ்தாப் வீட்டுக்குப் போகவில்லை. அவனுக்கு வண்டி வந்துவிட்டது. பட்டியல் வாசிக்கும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. இப்போது ஞாயிறுதோறும் நான்தான் மற்றவர்கள் பெயரைக் கூப்பிடுகிறேன். கடைசியில் என் பெயரை நானே வாசித்து நானே 'இருக்கேன்' என்கிறேன். ஆட்கள் சிரிக்கிறார்கள்.

சில நாள் அறையிலும் உன் பெயரைக் கூப்பிட்டுப் பார்க்கிறேன். பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொள்.

நஸார்

*

ஸபோரிஜியா
1970 மே 10

உல்யா,

வந்துவிட்டது.

பச்சைப் பட்டாணி நிறம். காதுள்ள வண்டி. வியாழக்கிழமை முற்றத்தில் சாவியைக் கையில் கொடுத்தார்கள். லைனில் எத்தனை ஆயிரம் வண்டியைத் தொட்டிருப்பேன், அதன் ஒவ்வொரு திருகும் எனக்குத் தெரியும், ஆனாலும் சாவியை இரண்டு தடவை தலைகீழாகச் செருகினேன். வழக்கம்போல எல்லாரும் தோளில் தட்டினார்கள். வாசல் தாண்டி வெளியே வந்த பிறகுதான், எங்கே போவது என்று யோசிக்கவே இல்லை என்று தெரிந்தது.

நீப்பர் ஆற்றங்கரை வரை ஓட்டினேன். எஞ்சினை நிறுத்தினேன். அந்தச் சத்தம் போன பிறகு வந்த அமைதி இருக்கிறதே, அதை என்னால் தாங்க முடியவில்லை. பக்கத்து இருக்கையில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருக்கிறது. வண்டி வாங்கியவன் யாரையாவது ஏற்றிக்கொண்டு சுற்றத்தானே போவான். எனக்கு ஏற்ற ஆள் இல்லை. தனியாக உட்கார்ந்து ஒரு சிகரெட் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

முதல் ஆயிரம் கிலோமீட்டர் வண்டியை விரட்டக் கூடாது, அதனால் நிதானமாக வருவேன். ஜூன் இரண்டாம் வாரம் புறப்படுகிறேன். கார்கிவ், மாஸ்கோ, வோலோக்டா, அங்கிருந்து உன் ஊர். பதினைந்தாம் தேதியை ஒட்டி வந்துவிடுவேன். உங்கள் ஊரில் அப்போது ராத்திரியிலும் வெளிச்சம்தானே, வழி தெரியும்.

வாசலில் வந்து கேட்கச் சொன்னாய். வருகிறேன்.

நஸார்

*

வோலோக்டா, தபால் அலுவலகம்
1970 ஜூன் 17

உல்யானா,

தபால் அலுவலகத்துப் பேனா சரியாக எழுதவில்லை, பொறுத்துக்கொள்.

நேற்று வந்தேன். வழியெல்லாம் மழை, கடைசிப் பாதை வெறும் சேறு. ஊருக்கு வெளியே குளத்தில் வண்டியைக் கழுவினேன். சட்டை மாற்றினேன். உங்கள் தெருவில் திரும்பினேன். வாசலுக்கு நேராக நிறுத்தி ஹாரன் அடித்தேன். இரண்டு தடவை. பிறகு கொஞ்சம் பொறுத்து நீளமாக ஒரு தடவை.

எதிர்வீட்டு வேலிக்கு மேல் ஒரு பெரியவர் தலை தெரிந்தது. அவர்தான் புரோகோர் போல. அந்தப் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெண்மணியும் வந்தாள். நீ வரவில்லை. புகைபோக்கியில் புகை இருந்தது. திரைச்சீலை அசைந்தது, என் கண்ணால் பார்த்தேன். ஆக நீ உள்ளே இருந்தாய்.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி வந்தவனுக்கு வெளியே வந்து ஒரு முகம் காட்ட மனம் வராதவளிடம் என்ன கேட்பது? புரிந்துகொண்டேன். வண்டியைத் திருப்பிவிட்டேன்.

தொந்தரவு செய்ததற்கு மன்னித்துக்கொள். விவாகரத்தோ வேறு எதுவோ, உனக்கு வேண்டிய காகிதத்தை அனுப்பு, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

நஸார்

*

ஹரோவ்ஸ்க்
1970 ஜூலை 5

நஸார்,

காகிதம் எதுவும் அனுப்பப் போவதில்லை. நீ சொல்லிவிட்டாய், இப்போது நான் சொல்வதைக் கேள்.

உன் மே மாதக் கடிதம் வந்தது. பதினாலாம் தேதியிலிருந்து கவுண்டரில் விடுப்பு எடுத்தேன். தரையைத் தேய்த்துக் கழுவினேன். மீன் வைத்து ரொட்டி சுட்டேன், அது காய்ந்துபோக மறுநாள் மறுபடி சுட்டேன். பதினாறாம் தேதி மதியம், தண்டவாளத்து ஸ்லீப்பர் கட்டை அடுக்கியிருக்கும் மைதானத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்தே சத்தம் கேட்டது. அந்த எஞ்சின் சத்தம் எனக்கு மறக்குமா? எங்கள் தையல் பிரிவு ஜன்னலுக்குக் கீழேதானே வண்டிகளை ஓட்டிப் பார்ப்பார்கள். தலை வாரிக்கொண்டேன். இரண்டு தட்டு வைத்தேன். இரண்டு கோப்பை வைத்தேன். கெட்டிலை அடுப்பில் ஏற்றினேன். கதவை உட்பக்கம் கொக்கி கூடப் போடவில்லை.

ஹாரன் கேட்டது.

என் கை கதவுப் பிடியில்தான் இருந்தது, நஸார். சத்தியமாக. அந்த ஹாரன் கேட்டு நின்றுவிட்டேன். வாடகை வண்டிக்காரன்தான் வாசலில் நின்று ஹாரன் அடிப்பான். நான் வெளியே வந்தால் முதலில் வண்டியைச் சுற்றி வர வேண்டும். புரோகோரும் பக்கத்து வீட்டுக்காரியும் கூடவே சுற்றுவார்கள். கதவைத் திறந்து பார்க்க வேண்டும், சீட்டை அழுத்திப் பார்க்க வேண்டும், ஆஹா என்று சொல்ல வேண்டும். அதெல்லாம் முடிந்து, காருக்குச் சொந்தக்காரனாக நீ உள்ளே வருவாய். எனக்கு அது வேண்டாம். ஒரே ஒரு தடவை நீ எனக்காக மட்டும் அந்தப் படியில் ஏறி வர வேண்டும் என்று இருந்தது. மூன்று படிதான். வருவாய் என்று நினைத்தேன். வந்தவன் இறங்காமலா போவான்?

திரையை நான்தான் விலக்கினேன். உன்னைப் பார்த்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. உன் கண் சமையலறை ஜன்னலில் இல்லை, முன்னறை ஜன்னலில் இருந்தது. அப்பா உட்காரும் ஜன்னல். நாற்காலியை நான் அங்கிருந்து எடுக்கவே இல்லை, வெளியிலிருந்து அதன் முதுகு தெரியும். நீ அந்தக் காலி நாற்காலியைப் பார்த்து ஹாரன் அடித்தாய். அவ்வளவு தூரம் ஓட்டி வந்தது அவர் பார்க்க வேண்டும் என்று. அவர் இல்லை என்பது உனக்கு அந்த வாசலில்தான் புரிந்திருக்க வேண்டும். உன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அடக்கத்து அன்று வராத துக்கம் அங்கே, காருக்குள் வந்து உட்கார்ந்தது.

அப்போதாவது நான் ஓடி வந்திருக்க வேண்டும். உன் மேல் இரக்கம் வந்தது. கூடவே கோபமும் வந்தது. ஏழு வருடமாக நான் உனக்கும் அப்பாவுக்கும் நடுவில் எங்கோ நின்றிருக்கிறேன் என்று தெரிந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? யோசித்து முடிப்பதற்குள் எஞ்சின் கிளம்பிவிட்டது.

பிறகு ஓடினேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. செருப்பில்லாமல், ஏப்ரனோடு, ரயில்வே கேட் வரை ஓடினேன். வண்டி தெரியவில்லை. சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது. கேட்காமல் போன பிறகும் நின்றிருந்தேன். திரும்பி வந்தபோது புரோகோர் வேலியருகில் நின்றிருந்தார். உள்ளே கெட்டிலில் தண்ணீர் வற்றி அடிப்பிடித்திருந்தது. எனக்கு வைத்த தட்டில் நானே சாப்பிட்டேன். உனக்கு வைத்ததை இந்தத் தடவை எடுக்க மனம் வரவில்லை, ராத்திரி முழுக்க அப்படியே இருந்தது.

இது உன் தப்பு என்று மட்டும் எழுதுவதற்காக உட்காரவில்லை. நீ இறங்கவில்லை, நான் வெளியே வரவில்லை. கூட்டிக் கழித்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் நான் இன்னும் ஒரு தடவை ஜன்னலுக்குப் பின்னால் நிற்க மாட்டேன். உனக்கு வயது நாற்பதாகிறது, எனக்கு முப்பத்தெட்டு. இப்படியே எழுதிக்கொண்டிருந்தால் நாம் இரண்டு பேரும் கடிதத்திலேயே கிழமாகிவிடுவோம்.

வருவதென்றால் ரயிலில் வா. எந்தக் கிழமை என்றெல்லாம் எழுத வேண்டாம். ஸ்டேஷனில் இறங்கினால் கவுண்டரில் நான் இருப்பேன். இல்லாவிட்டால் வீட்டில் இருப்பேன். வந்த பிறகு அங்கேயா இங்கேயா என்று பேசிக்கொள்வோம். வராவிட்டால் பதில் போடாதே. நானே தெரிந்துகொள்வேன்.

இன்னொன்று. வண்டி அழகாக இருந்தது, நஸார். கழுவியும் போகாத சேற்றிலும் அழகாக இருந்தது. அந்தப் பச்சை உனக்குப் பொருத்தம். நீ உள்ளே வந்திருந்தால் நான் சொல்ல வைத்திருந்த முதல் வார்த்தை அதுதான்.

உல்யா